மாதம் ஓர் இரங்கல்

7

திரையில் ஒருத்தி விக்கி விக்கி அழுதுகொண்டிருந்தாள். வக்கீல் சத்தத்தை அணைத்துவிட்டு, அவள் முகத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

வக்கீல் என்பது பட்டப்பெயர்தான். சட்டம் படித்தார், கறுப்புக் கோட்டும் போட்டார், ஒரு வழக்கில்கூட ஜெயிக்கவில்லை. கட்சிக்காரர் பொய் சொல்கிறார் என்று தெரிந்தால் அதை நீதிபதியிடமே போட்டுக் கொடுத்துவிடுகிற வியாதி அவருக்கு. கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, பல் டாக்டர் ஒருவரின் மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்தார். கீழே பல் பிடுங்குவாங்க, மேலே உண்மை பிடுங்குவோம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிவது அவருக்கு உதவிக்கு இருக்கும் பெண். வாய் நீளமானவளுக்கு வாலு என்று பெயர் வந்தது எப்படி என்று யாரும் யோசித்ததில்லை, ஆனால் பொருந்திவிட்டது.

"சார், அழுகை முகத்துல இருக்கு. நீங்க எதுக்கு மூலையைப் பாக்கறீங்க?" என்றாள் வாலு.

"முகத்தை லட்சக்கணக்கான பேர் பாத்துட்டாங்க. மூலையை யாரும் பாத்திருக்க மாட்டாங்க."

எதிரே நாற்காலியின் நுனியில் ஒரு லிஃப்ட் மெக்கானிக் உட்கார்ந்திருந்தான். சட்டையில் கிரீஸ் கறை, தூங்காத கண்கள். அவனுக்கு வேண்டியது ஒரே ஒரு பதில். தங்கை உயிரோடு இருக்கிறாளா, இல்லையா.

"இன்னொரு தடவை சொல்லுங்க தம்பி," என்றார் வக்கீல்.

"ரெண்டு வாரம் முன்னாடி புதன்கிழமை நான் வேலைக்குப் போயிருந்தப்ப பாப்பா வீட்டை விட்டுப் போயிட்டா சார். துணிப்பை இல்ல, சார்ஜர் இல்ல. பழைய நம்பர் போகல. மறுநாள் காலையில இந்த வீடியோ வந்துது. 'நம்ம தங்கச்சி ஒருத்தி நம்மளை விட்டுப் போயிட்டா'ன்னு இந்தம்மா அழுதாங்க. பேர் சொல்லல. ஆனா பாப்பா தினமும் இவங்க வீடியோவுக்குக் கீழ மின்மினிங்கற பேர்ல எழுதுவா. அந்தக் கணக்கைக் காணோம்னதும் யாரோ 'போனது மின்மினியா?'ன்னு கேட்டாங்க. சாயங்காலத்துக்குள்ள எல்லாரும் மின்மினிக்கு அழ ஆரம்பிச்சுட்டாங்க."

"சாகப் போறவ சார்ஜர் எடுத்துட்டுப் போவாளா?" என்றாள் வாலு.

"அதைத்தான் நானும் கேக்கறேன். யாரும் காதுல வாங்கல. அம்மாதான் முதல்ல நம்பினாங்க. போலீஸ்ல புகார் குடுக்கலாம்னு கூப்பிட்டா, போனவளைப் போலீஸ் கூட்டிட்டு வருமான்னு அழறாங்க."

"அடையாளம் ஏதாவது?"

"இடது முட்டிக்குக் கீழ சுட்ட வடு இருக்கும் சார். சின்ன வயசுல சுடுதண்ணியைத் தட்டி விட்டுட்டா. நான் அப்ப பள்ளிக்கூடத்துல இருந்தேன். அம்மாதான் தூக்கிட்டு ஓடினாங்க."

திரையில் அழுகிறவளுக்கு மனசு அக்கா என்று பெயர். அவள் டாக்டர் இல்லை. அதை ஒவ்வொரு வீடியோவின் முதல் வரியிலும் அவளே சொல்லிவிடுவாள். சொல்லிவிட்டு, டாக்டர் சொல்லத் துணியாததையெல்லாம் சொல்வாள். தூக்கம் வரவில்லையா, அதற்கு ஒரு பெயர். அதிகம் தூங்குகிறாயா, அதற்கும் ஒரு பெயர். வீட்டில் யாராவது குரலை உயர்த்தினால் அவர்கள் விஷம், உடனே துண்டித்துவிடு. வாலுவும் இவளைத் தொடர்கிறவள்தான். அக்கா சொன்ன அடையாளங்களை வைத்துக் கீழே உள்ள பல் டாக்டருக்குக் கோபக் கோளாறு என்றும், வக்கீலுக்கு நெருக்கத்தின் மேல் பயம் என்றும் இலவசமாகச் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தாள்.

"இதைப் பாரு," என்று வக்கீல் வேறொரு வீடியோவை ஓட்டினார். மூச்சுப் பயிற்சி. அக்கா மஞ்சள் சட்டையில் சிரித்துக்கொண்டிருந்தாள். பின்னால் ஜாடியில் ஒற்றை ரோஜா. "இதை எப்பப் போட்டாங்க?"

"அதே வாரம் திங்கக்கிழமை."

"இதுல ரோஜாவோட ஒரு இதழ் மேஜையில விழுந்து கிடக்கு. இப்ப இரங்கலைப் பாரு. பாப்பா போனது புதன், இது வந்தது வியாழன். இதுலயும் அதே ரோஜா. ஆனா எல்லா இதழும் பத்திரமா இருக்கு."

"வேற பூவா இருக்கும்."

"கீழ் இலையில புழு கடிச்ச ஓட்டை. ரெண்டுலயும் ஒரே இடம்."

"அப்ப பிளாஸ்டிக் பூ."

"பிளாஸ்டிக் பூ இதழ் உதிர்க்குமா? உதிர்ந்தா திரும்பப் போய் ஒட்டிக்குமா?"

வாலு இரண்டு வீடியோவையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். இரங்கல் எடுத்த பிறகுதான் மூச்சுப் பயிற்சி எடுத்திருக்கிறார்கள். மூச்சுப் பயிற்சி திங்கட்கிழமையே வெளியே வந்துவிட்டது. அப்படியென்றால் புதன்கிழமை வீட்டை விட்டுப் போன பெண்ணுக்கு அதற்கு முன்பே அழுது முடித்துவிட்டார்கள்.

மெக்கானிக்குக்கு இது புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. புரிந்ததும் எழுந்தேவிட்டான். "அவ போகப் போறான்னு இவங்களுக்கு முன்னாடியே தெரியுமா? அவளை என்ன சார் பண்ணாங்க?"

"வீட்டுக்குப் போய் இருங்க. சாயங்காலத்துக்குள்ள வந்து சொல்றேன்," என்றார் வக்கீல். வாக்கு கொடுப்பதில் அவர் கஞ்சன். இன்றைக்கு எப்படியோ கொடுத்துவிட்டார்.

மனசு அக்காவின் ஸ்டூடியோ ஒரு கார் உதிரிபாகக் கடைக்கு மேலே இருந்தது. வாசலில் நின்ற மேனேஜர் பெண், இன்று யாரையும் பார்க்க முடியாது, படப்பிடிப்பு நடக்கிறது என்றாள்.

"வக்கீல் வந்திருக்கேன்னு சொல்லுங்க," என்றார் வக்கீல்.

கதவு உடனே திறந்தது. பட்டப்பெயரைச் சொல்வது பொய்யில் சேராது என்பது அவர் கட்சி.

உள்ளே ஒரே அறை, மூன்று சுவர், மூன்று நிறம். நீலத்தின் முன்னால் நின்றால் பதற்றம், மஞ்சளின் முன்னால் நம்பிக்கை, வெள்ளையின் முன்னால் துக்கம். ஒரு கம்பியில் சட்டைகள் எடுக்க வேண்டிய வரிசையில் தொங்கின. அக்கா நீலச் சுவருக்கு முன்னால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். "இந்த நிமிஷம் எனக்குப் படபடன்னு வருது. ஆனாலும் உங்களுக்காகத்தான் கேமராவைப் போட்டேன்," என்று சொல்லி முடித்துவிட்டு, நெஞ்சிலிருந்து கையை எடுத்து, "விளக்கை அணைங்கப்பா, வேகுது," என்றாள்.

"படபடப்பு போயிடுச்சா அக்கா?" என்று வாலு அக்கறையாக விசாரித்தாள்.

"யாரு இது?"

வக்கீல் சுற்றி வளைக்கவில்லை. "புதன்கிழமை காணாமப் போன பொண்ணுக்கு நீங்க அதுக்கு முன்னாடியே அழுதிருக்கீங்க. அவ போகப் போறது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

மேனேஜர் ஏதோ சொல்ல வந்தாள். அக்கா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"எதை வச்சுக் கண்டுபிடிச்சீங்க? என் நகப்பூச்சா?"

"ரோஜா."

"நான் அப்பவே சொன்னேன், பூ வேணாம்னு," என்று மேனேஜரை முறைத்தாள் அக்கா. பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவளுக்குப் பயமும் இல்லை, வெட்கமும் இல்லை. தொழிலைப் பற்றிக் கேட்டால் எல்லாரும் எப்படிப் பேசுவார்களோ அப்படித்தான் பேசினாள்.

"தினமும் எடுத்துக் கட்டுப்படி ஆகாதுங்க. ரெண்டு வாரத்துக்கு வேண்டியதை ஒரே நாள்ல எடுத்துடுவோம். காலையில முகம் நல்லா இருக்கறப்ப நம்பிக்கை எடுக்கணும். ஆனா அன்னிக்கு எனக்குக் காலையிலயே நல்ல தலைவலி, முகம் துக்கத்துக்குத் தோதா இருந்துது. அதனால இரங்கலை முதல்ல எடுத்துட்டோம்."

"யாருக்கு இரங்கல்?"

"யாருக்காவது."

அக்கா ஸ்டூலை இன்னும் அருகே இழுத்துக்கொண்டாள்.

"மாசத்துக்கு ஒண்ணு எடுத்து வச்சுக்குவோம். இவ்வளவு பேர் பாக்கறாங்க இல்ல? எவளாவது ஒருத்தி கணக்கை மூடிட்டுப் போவா. எவளாவது ஒருத்தி வாரக்கணக்கா பேச மாட்டா. பேர் சொல்லாம போட்டோம்னா, யாருக்குன்னு அவங்களே கண்டுபிடிச்சுக்குவாங்க. இதுவரைக்கும் ஒண்ணும் வீணாப் போனதில்ல."

"யாரும் சாகாத மாசத்துலயுமா?" என்று கேட்டாள் வாலு. நக்கலாகக் கேட்கத்தான் நினைத்தாள். குரல் வேறு மாதிரி வந்தது.

"யார் செத்தாங்க, யார் சாகலைன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்? நான் என்ன டாக்டரா?"

அக்கா நிஜமாகவே அழுவாள், அதில் கலப்படம் கிடையாது. வாலு எத்தனையோ ராத்திரி அந்த அழுகையோடு சேர்ந்து அழுதிருக்கிறாள். யாருக்கோ தைத்து வைத்த சட்டையை நம் அளவுக்கு என்று நம்பிப் போட்டுக்கொண்ட மாதிரி அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

"சரி," என்றார் வக்கீல். "அந்தப் பொண்ணு உயிரோட இருந்தா, தனக்கு நடக்கிற இரங்கலைப் பாத்திருப்பா இல்ல? நான் சாகலைன்னு வந்து சொல்லியிருக்க மாட்டாளா?"

மேனேஜர் சிரித்தாள். "சொல்ல வந்தவங்களுக்குப் பஞ்சமா? வரிசை கட்டி வந்தாங்க, நான்தான் மின்மினின்னு. ஒருத்தன் நான் மின்மினியோட ஆவின்னான்."

"எல்லாத்தையும் என்ன பண்ணீங்க?"

"எடுத்துட்டோம். விளையாட்டுக்கு ஒரு அளவு வேணாமா? எடுத்ததெல்லாம் தனியா ஒரு இடத்துல நிக்கும், பாருங்க," என்று மடிக்கணினியைத் திருப்பினாள்.

வக்கீல் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். ஆவியைத் தாண்டினார், ஆபாசங்களைத் தாண்டினார், படம் இல்லாத ஒரு புதுக் கணக்கில் நின்றார். அந்தக் கணக்கு விளையாடவில்லை.

'அக்கா, நான்தான். நான் சாகல. வேலை கிடைச்சு வெளியூர் வந்திருக்கேன். தயவுசெய்து வீடியோவை எடுத்துடுங்க.'

'அக்கா, நீங்கதானே துண்டிச்சுட்டுப் போகச் சொன்னீங்க. போனேன். அவ்வளவுதான்.'

'போன் தொலைஞ்சதுல அண்ணன் நம்பர் போச்சு. யாராவது எங்க அண்ணன்கிட்ட மட்டும் சொல்லுங்க.'

கீழே பதில்கள் கொட்டிக் கிடந்தன. பக்கத்துக்குப் பக்கம் மனிதாபிமானம் பேசுகிற ஜனங்கள்தான் எழுதியிருந்தார்கள். செத்தவ பேர்ல விளம்பரம் தேடறியா. உனக்கு இருக்கறது கவனம் ஈர்க்கிற கோளாறு. மின்மினி தேவதை, நீ சாக்கடை. உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா.

"இது அவளேதான்னு உங்களுக்குத் தோணவே இல்லையா?" என்று கேட்டாள் வாலு.

"தோணிச்சு," என்றாள் மேனேஜர். "அதனாலதானே அவங்க அம்மாவையே கேட்டேன். அந்தம்மா போலின்னுட்டாங்க. பெத்தவங்களே சொன்னப்புறம் நாங்க யாருங்க? அவங்க பதிலைத்தான் மேல குத்தி வச்சிருக்கோம். எங்க பக்கத்துலயே இவ்வளவு ஓடின வீடியோ இல்ல, தெரியுமா."

வாலு தன்னுடைய போனை எடுத்து அந்த வீடியோவைத் திறந்தாள். எல்லாவற்றுக்கும் மேலே அம்மாவின் பதில் நின்றது.

'என் தங்கத்தோட பேரைச் சொல்ல உனக்கு என்னடி யோக்கியதை. சுடுதண்ணி அதுவாக் கொட்டினது. நான் பெத்த தாய், எனக்குத் தெரியாதா. செத்தவளை நிம்மதியா இருக்க விடு. நீயும் போய்ச் சாவு.'

பதிலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன இதயம். அழுத்தாதவர் போனில் அது வெள்ளையாக இருக்கும். வாலுவின் போனில் சிவப்பாக இருந்தது. அந்த வாரம் வெள்ளிக்கிழமையோ சனிக்கிழமையோ, பல் தேய்த்துக்கொண்டே, இரக்கம் பொங்க, அவளும் அதை அழுத்தியிருக்கிறாள். இப்போது அதை அழுத்தி வெள்ளையாக்கினாள். ஆயிரக்கணக்கில் ஒன்று குறைந்தது. வெட்கமாக இருந்தது, வேறொன்றும் ஆகவில்லை.

வக்கீல் அந்தப் பதிலை இரண்டு முறை படித்தார். "இந்தப் பொண்ணு எழுதினது மொத்தமும் இவ்வளவுதானா? வேற எங்கயாவது எழுதியிருக்காளா?"

"அவ்வளவுதாங்க. அந்தம்மாவுக்குத் தனியா எழுதினாளோ என்னவோ, அது எங்களுக்குத் தெரியாது. ஆனா அம்மா பேச ஆரம்பிச்சா கல்லும் கரையும். இப்ப நம்ம பக்கத்துல வெள்ளிக்கிழமை தோறும் ஆறு மணிக்கு அவங்க லைவ். 'அம்மா மடி'ன்னு பேர். இன்னிக்குக்கூட இருக்கு, பாருங்க."

படியிறங்கும்போது வாலுவுக்குப் பொறுக்கவில்லை. "ஆள் உயிரோட இருக்கு சார். அண்ணனுக்குப் போனைப் போடுங்க. எதுக்கு மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கீங்க?"

"சுடுதண்ணின்னு எழுதினது யாரு?"

"அம்மா."

"அதுக்கு முன்னாடி சுடுதண்ணியைப் பத்திக் கேட்டது யாரு?"

வாலு யோசித்தாள். யாரும் கேட்கவில்லை. அந்தப் பெண் எழுதியதில் வேலை இருந்தது, அண்ணன் இருந்தான், தண்ணீர் இல்லை.

"கேக்காத கேள்விக்கு யாரும் பதில் சொல்ல மாட்டாங்க," என்றார் வக்கீல். "அப்ப யாரோ தனியாக் கேட்டிருக்காங்க. 'சுடுதண்ணி அதுவா கொட்டல, நீதான் கொட்டினே, எனக்கு ஞாபகம் இருக்கு'ன்னு. அது நடந்தப்ப வீட்டுல இருந்தது ரெண்டே பேர்."

வாலு படியிலேயே நின்றுவிட்டாள். "அவங்களுக்குத் தெரியும்ங்கறீங்களா? தெரிஞ்சேவா?"

வக்கீல் இறங்கிப் போய் வண்டியை எடுத்தார்.

கதவைத் திறந்தவன் மெக்கானிக். அவன் முகத்தைப் பார்க்கவே வாலுவுக்குத் தைரியம் வரவில்லை. உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "யாருடா? உக்காரச் சொல்லு. நீ கீழ போய் பிஸ்கட் ஏதாவது வாங்கிட்டு வா."

அவன் தயங்கினான். வக்கீல் தலையசைத்ததும் போனான்.

அம்மா பள்ளி விடுதி ஒன்றில் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவள். நிமிர்ந்த முதுகு, படிய வாரிய தலை. கூடத்தின் நடுவில் வட்ட விளக்கு ஒன்று காலூன்றி நின்றது. அதன் நடுவில் போன். எதிரே நாற்காலி, நாற்காலிக்குப் பின்னால் மகளின் பெரிய படம். படத்தில் அந்தப் பெண் யாரோ சிரிக்கச் சொன்னதற்காகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, உங்க பொண்ணு உயிரோட இருக்கா," என்றார் வக்கீல்.

எந்தத் தாயும் இந்த வார்த்தைக்கு எழுந்து நிற்பாள். இவள் சேலை மடிப்பையோ சட்டைக் காலரையோ சரிசெய்வதைப் போல விளக்கின் உயரத்தைச் சரிசெய்தாள்.

"யார் சொன்னா?"

"நீங்கதான். சுடுதண்ணியைப் பத்தி."

அவள் கை விளக்கின் மேலேயே நின்றது. பிறகு வாசலை ஒரு முறை பார்த்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அவனுக்குத் தெரியுமா?"

"இன்னும் இல்ல."

"கோவத்துல கை பட்டுடுச்சு. நான் என்ன வேணும்னா கொட்டினேன்? அதையும் புது நம்பர்ல இருந்து எழுதியிருந்தா. உனக்கு மட்டும்தான் தெரியும், இப்பவாவது நான்தான்னு நம்புன்னு." அவள் குரலில் அழுகை இல்லை. விடுதிப் பிள்ளைகளைப் பற்றிப் புகார் சொல்கிற குரல். "பிளாக் பண்ணிட்டேன்."

"ஏங்க?" என்றாள் வாலு.

"அந்த மனசு அக்கா ஒரு வீடியோ போட்டா. விஷ அம்மாவோட ஏழு அடையாளம்னு. அதை என் பொண்ணு எனக்கு அனுப்பினா, ஏழையும் டிக் அடிச்சு. ஏழுக்கு ஏழு. பள்ளிக்கூடத்துல அவ அவ்வளவு மார்க் வாங்கினதே இல்ல. அப்புறம் மின்மினிங்கற பேர்ல தினமும் என்னைப் பத்தி எழுதினா. நான் என்ன சமைச்சேன், எப்ப கத்தினேன், எல்லாம். முகம் தெரியாதவனெல்லாம் என்னைப் பேய்ன்னான். நான் எல்லாத்தையும் படிச்சேன். ஒண்ணு விடாம படிச்சேன்."

அவள் போனின் திரையைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள்.

"வியாழக்கிழமை காலையில அந்த இரங்கல் வந்துது. அவதான்னு நான் நிஜமாவே நம்பினேன். நெஞ்சு வெடிக்கிற மாதிரி அழுதேன். அழுதுட்டே கீழ ரெண்டு வரி எழுதினேன், நான்தான் அவ அம்மான்னு. அவ்வளவுதான். என்னைப் பேய்ன்னவங்களே அம்மான்னு கூப்பிட்டாங்க. சாப்பிட்டீங்களாம்மா, தூங்கினீங்களாம்மான்னு கேட்டாங்க. நான் பெத்தது ரெண்டும் ஒரு நாள் கேட்டதில்ல. மறுநாள் இவ எழுதறா, நான் உயிரோட இருக்கேன்னு."

அவள் மகளின் படத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"அவ உயிரோட இருந்தா நான் விஷம். செத்தாத்தான் நான் அம்மா. நீங்களே சொல்லுங்க, நான் என்ன பண்ணணும்?"

வக்கீலுக்குக் கோபம் வந்தால் குரல் தாழும். இப்போது அது தரையைத் தொட்டது. "சட்டப்படி நீங்க ஒரு தப்பும் பண்ணலம்மா. அதுதான் எனக்கு ஆத்திரமா இருக்கு. அந்த நம்பரை வெளியில எடுங்க. கூப்பிடுங்க."

அவள் மறுப்பாள் என்று வாலு நினைத்தாள். மறுக்கவில்லை. விளக்கிலிருந்து போனைக் கழற்றி, தடை போட்ட எண்ணை எடுத்துவிட்டு, அவளே அழைத்தாள். ஸ்பீக்கரையும் போட்டாள். மணி ஒரு முறைகூட முழுதாக அடிக்கவில்லை.

"அம்மா?"

சின்னக் குரல். பின்னால் துணி துவைக்கும் இயந்திரங்கள் வரிசையாக ஓடுகிற இரைச்சல்.

"யாரும்மா பேசறது?" என்றாள் அம்மா.

"நான்தாம்மா. நான்தான்."

"எனக்கு ஒரே பொண்ணு. அவ போயிட்டா."

இரைச்சல் தேய்ந்தது, அவள் எங்கோ ஒதுங்கிப் போகிறாள். பிறகு அந்தக் குரல் இன்னும் தாழ்ந்தது. "பக்கத்துல யாராவது இருக்காங்களாம்மா? அதனாலதான் இப்படிப் பேசறியா?"

தப்பிக்க ஒரு வழியை அந்தப் பெண்ணே திறந்துவிட்டாள். எவ்வளவு அடி வாங்கினாலும் பிள்ளைகள் இப்படித் திறந்துவிட்டுக்கொண்டுதான் இருக்கின்றன.

"யாரும் இல்ல," என்றாள் அம்மா. "நான் மட்டும்தான் இருக்கேன்."

"சரிங்க," என்றது குரல். "நம்பர் மாறிப் போச்சு. மன்னிச்சுக்குங்க."

"மின்மினி, வைக்காத," என்று வாலு பாய்ந்தாள். ஒரு மூச்சு தாமதம். இணைப்பு போய்விட்டது. வக்கீல் அந்த எண்ணைப் பார்த்துத் தன் போனிலிருந்து அடித்தார். அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்றது ஒரு பதிவுக் குரல். மறுபடி அடித்தார். அதே குரல்.

அம்மா போனைத் திரும்ப விளக்கில் பொருத்தினாள். "நேரமாச்சு. நீங்க அந்தப் பக்கமா நில்லுங்க, படத்துல விழும்."

வாசலில் மெக்கானிக் பிஸ்கட் பொட்டலத்தோடு நின்றான். வாலு அவன் கையைப் பிடித்து நடைக்கு இழுத்தாள். "உயிரோட இருக்கா. உங்க தங்கச்சி உயிரோட இருக்கா. இப்பதான் உங்க அம்மாகிட்ட பேசினா."

அவன் சிரித்தான். சிரிப்பும் அழுகையும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு வந்தன. "எங்க? என்ன சொன்னா? என்னைக் கேட்டாளா?"

"நம்பர் இருக்கு. அடிங்க."

அவன் அடித்தான். பதிவுக் குரல். மறுபடி அடித்தான். உள்ளே விளக்கு எரிந்தது. அம்மாவின் குரல் தேன் தடவிக்கொண்டு கிளம்பியது. "என் கண்ணுங்களா, எல்லாரும் சாப்பிட்டீங்களா? இந்த வாரம் எனக்கு ரொம்பக் கஷ்டமான வாரம். என் தங்கம் இல்லாத வீடு இது."

மெக்கானிக் போனைக் காதிலிருந்து எடுத்தான். வக்கீல் தடுக்கப் போனார், அவர் கையை உதறிவிட்டு உள்ளே பாய்ந்தான். நேராக விளக்குக்கு முன்னால் போய் நின்றான்.

"பொய். எல்லாம் பொய். அவ உயிரோட இருக்கா. இவங்ககிட்ட பேசியிருக்கா. கேளுங்க, அவ சாகல. யாராவது அவளைப் பாத்தீங்கன்னா வரச் சொல்லுங்க. பாப்பா, அண்ணன் பேசறேன், போனைப் போடு."

அம்மா எழுந்திருக்கவில்லை. அவன் முதுகை மெல்லத் தடவிக் கொடுத்தாள். கேமராவைப் பார்த்துக் கண்ணை மூடித் திறந்தாள். அவ்வளவுதான் செய்தாள்.

வாலு தன் போனில் அந்த லைவைத் திறந்தாள். அறையில் அவன் கத்துவது சில நொடி கழித்துப் போனிலும் கேட்டது. எழுத்துகள் அதற்குள் ஏறிக்கொண்டிருந்தன.

'பாவம் அண்ணன். இது மறுப்பு நிலை.'

'எங்க மாமா செத்தப்ப எங்க அத்தையும் இப்படித்தான் சொன்னாங்க. ஆறு மாசம் ஆகும்.'

'குரல் கேக்குதுன்னா உடனே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.'

'யாரும் அவரைத் திட்டாதீங்க ப்ளீஸ். அவர் நோயாளி.'

'அம்மா, ரெண்டு பேரையும் தாங்கறீங்களே, நீங்க தெய்வம்.'

இதயங்கள் திரையின் கீழிருந்து மேலே மிதந்து போய்க்கொண்டே இருந்தன. மனசு அக்காவின் பக்கமும் வந்து எழுதியது. 'அண்ணாவுக்காக எல்லாரும் ஒரு நிமிஷம் மூச்சை உள்ளே இழுத்து விடுவோம்.' ஆயிரக்கணக்கானவர்கள் இழுத்து விட்டார்கள்.

மெக்கானிக் கத்துவதை நிறுத்தினான். விளக்கின் நடுவே போனில் ஏறுகிற வரிகளை ஒவ்வொன்றாகப் படித்தான். உதடு அசைந்தது. படிக்கப் படிக்க அவன் தோள் இறங்கியது. ஒரு முறை அம்மாவைப் பார்த்தான். அவள் அன்பாகத் தலையசைத்தாள். கையிலிருந்த போனில் இன்னொரு தடவை அந்த எண்ணை அடித்தான். பதிவுக் குரலை முழுதும் கேட்டான்.

பிறகு மெதுவாக நடைக்கு வந்தான். வக்கீலை விட்டுவிட்டு வாலுவிடம் வந்து நின்றான். அவள் அவனைவிடச் சின்னவள். ஆனாலும் டாக்டரிடம் கேட்பதைப் போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டான்.

"நிஜமாவே அவ குரலைக் கேட்டீங்களாங்க? இல்ல, எனக்காகச் சொல்றீங்களா?"